கருத்தடைக்கு ஏழு நாள், குழந்தைக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர், "பிள்ளை பெறுவது பெண். ஆணுக்கு எதற்கு லீவு? வீட்டில் உட்கார்ந்து மேட்ச் பார்க்கவா?" என்று கேட்டிருந்தார். கோவையில் ஒரு மில்லின் டைம் ஆபீசில், அதாவது வருகை, லீவு கணக்குப் பார்க்கும் இடத்தில், முப்பத்தோரு வருடம் இருந்தவன் நான். லீவு லெட்டர் படித்தே கண்ணாடி போட்டவன். பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மனைவிக்குப் பிரசவம் என்று நேராக எழுதி லீவு கேட்டவர்கள் எங்கள் மில்லில் மிகக் குறைவு. காய்ச்சல் என்று எழுதுவார்கள், ஊரில் நோம்பி என்பார்கள், பாட்டி இறந்துவிட்டார் என்பார்கள். ரிங் பிரேம் பையன் ஒருவனுக்கு இரண்டு வருடத்தில் மூன்று பாட்டிகள் இறந்தார்கள். விசாரித்தால், அதில் ஒரு சாவு உண்மையில் பிரசவம். உண்மையைச் சொன்னால் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் "நீயா பெறப் போறே?" என்று கேட்பார் என்ற பயம்தான். லீவு கிடைத்தாலும் அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும். கையில் இ.எல். (சம்பளத்தோடு எடுக்கும் ஈட்டிய விடுப்பு) இல்லையென்றால் சம்பளமும் போகும். அன்றைய தொழிற்சாலைச் சட்டப்படி 20 நாள் வேலைக்கு ஒரு நாள் இ.எல்.; அதற்கும் வருடத்தில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்து, புதிதாகக் கல்யாணமும் ஆனவனிடம் அது எங்கே இருக்கும்?

நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. 1990இல் என் மகன் உடுமலையில் மாமியார் வீட்டில் பிறந்தான். ஆறாம் நாள், வார விடுமுறையில் போய்ப் பார்த்துவிட்டு அன்று சாயங்காலமே பஸ் ஏறினேன். அதை நானும் குறையாக நினைக்கவில்லை, என் மனைவியும் சொல்லவில்லை. குழந்தையைக் குளிப்பாட்ட ஒருவர், பத்தியச் சமையலுக்கு ஒருவர், ராத்திரி முழித்திருக்க ஒருவர் என்று அங்கே நாலு பெண்கள் இருந்தார்கள். நான் இருந்திருந்தால் அவர்களுக்கு இடைஞ்சலாகத்தான் இருந்திருப்பேன்.

அந்த நாலு பேர் இப்போது இல்லை. என் பேத்தி பிறந்தது ஓசூரில். மருமகளின் அம்மா இன்னும் வேலைக்குப் போகிறவர். பத்து நாளுக்கு மேல் அவரால் இருக்க முடியவில்லை. என் மனைவிக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. பிரசவம் சிசேரியன். மகன் வேலை பார்க்கும் கம்பெனியில் மூன்று நாள் கொடுத்தார்கள். முதல் நாள் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் போனது. அப்புறம் குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்று நீல வெளிச்சத்தில் வைத்துவிட்டார்கள். தாய் ஒரு மாடி, குழந்தை ஒரு மாடி. இரண்டுக்கும் நடுவில் பால் கொண்டுபோவதிலேயே மீதி இரண்டு நாளும் தீர்ந்தது. டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே அவன் ஷிப்டுக்குப் போய்விட்டான். தையல் போட்ட வயிற்றோடு ஒரு பெண் கட்டிலிலிருந்து எழுந்து, அழுகிற குழந்தையைத் தூக்குவதை ஒரு தரம் பக்கத்தில் நின்று பார்த்தால், அந்த வாசகர் மேட்ச் பேச்சை எடுக்கமாட்டார். இது ஏதோ ஒரு வீட்டுக் கதையும் இல்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன்.

மேட்ச் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2020 கடைசியில் விராட் கோலி, மனைவியின் பிரசவத்துக்காக ஆஸ்திரேலியத் தொடரைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினார். அவர் செய்தது சரிதான். அதே தொடருக்கு, வலைப்பயிற்சியில் பந்துவீசவென்று முதலில் தேர்வான நம் சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு ஐ.பி.எல். நடக்கும்போதே பெண் குழந்தை பிறந்துவிட்டது. அவர் அங்கிருந்து அப்படியே ஆஸ்திரேலியா போய், ஜனவரியில்தான் ஊர் வந்தார். இதை அப்போதே கவாஸ்கர் எழுதினார். கேப்டன் லீவு கேட்கலாம், புதுப்பையனுக்கு வாய் வராது. எங்கள் மில்லிலும் மேனேஜருக்கும், நிரந்தரமில்லாத பதிலித் தொழிலாளிக்கும் இதே வித்தியாசம்தான்.

சட்டம் இருந்தால் கேட்கவே வேண்டாம், எழுதிக் கொடுத்தால் போதும். மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் பல வருடமாக இருக்கிறது. குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம். தனியார் துறைக்கு எதுவும் இல்லை. 2017இல் பெண்களின் மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானபோதும் அப்பாவைப் பற்றிப் பேச்சில்லை. அதே வருடம் ராஜீவ் சாத்தவ் எம்.பி. தனிநபர் மசோதா ஒன்று கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. 2023இல் ஒரு காவல் ஆய்வாளரின் வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி விக்டோரியா கௌரி இதற்குத் தனிச் சட்டம் வேண்டும் என்றார். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்பாவுக்கு ஒரு வரி இல்லை.

யார் சம்பளம் கொடுப்பது என்பதுதான் கேள்வி. முதலாளி தலையில் கட்டினால் என்ன ஆகும் என்று பார்த்தாயிற்று. 26 வாரச் சம்பளத்தையும் கம்பெனியே தரவேண்டிய இடங்களில், வேலை கேட்டு வந்த பெண்ணிடம் "எப்போ கல்யாணம்?" என்று விசாரிப்பதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். ஆணிடமும் அதே கேள்வி வரவேண்டாம்.

வழி கையிலேயே இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கிறார்கள்: தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். பெண் தொழிலாளிக்குப் பிரசவமானால் அந்த 26 வாரத்துக்கு ஈ.எஸ்.ஐ. பணம் தருகிறது. ஆண் தொழிலாளியின் கார்டைக் காட்டி அவர் மனைவி ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஆணுக்கு ஒரு நாள் கூலிகூடக் கிடையாது. ஆனால் அதே ஆண் இனிக் குழந்தை வேண்டாமென்று கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டால், முழுச் சம்பளத்தோடு 7 நாள் உண்டு! அந்தப் படிவங்களை நானே பூர்த்தி செய்து அனுப்பியிருக்கிறேன். ஆணுக்கும் வீட்டில் ஒரு பங்கு உண்டு என்று ஈ.எஸ்.ஐ.க்குத் தெரியாமல் இல்லை. பிறந்த குழந்தைக்கும் 15 நாள் சேர்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். இதனால் என் மகனுக்கு லாபமில்லை. அவன் சம்பளம் வரம்பைத் தாண்டிவிட்டது.

கோவை கணபதிப் பகுதியில் நாலு பேரை வைத்து லேத் பட்டறை நடத்துகிறவர், ஒரு ஆள் 15 நாள் வராவிட்டால் ஆர்டர் நின்றுவிடும் என்பார். நியாயம்தான். ஈ.எஸ்.ஐ. பொதுவாகப் பத்துப் பேருக்குக் குறையாத இடங்களுக்குத்தான் என்பதால் அவருக்கு இது பொருந்தாது. அவரிடம் இருப்பவனுக்கு என்ன வழி என்பதற்கு என்னிடம் பதிலில்லை. லீவு வாங்கிக்கொண்டு மேட்ச் பார்ப்பவர்களும் இருப்பார்கள். காய்ச்சல் லீவில் சினிமாவுக்குப் போனவர்கள் எங்கள் மில்லில் இருந்தார்கள். அதற்காக யாரும் காய்ச்சல் லீவை எடுத்துவிடவில்லை.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். 15 நாளையும் ஒரேயடியாக எடுக்கச் சொல்லக்கூடாது, இரண்டு தவணையாகப் பிரித்துக்கொள்ள விடவேண்டும். ஆஸ்பத்திரியில் இருக்கும்போது ஒரு வாரம். மீதியை மாமியார் பெட்டியைக் கட்டும் அன்றைக்கு வைத்துக்கொள்ளட்டும். ஓசூரில் அன்றைக்குத்தான் என் மருமகள் முதல்முறையாக அழுதாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டைம் ஆபீஸ் ஊழியர்,
கோயம்புத்தூர்.