கோழி ஒன்றும் முதலைக் குடும்பம் ஒன்றும்

அன்புள்ள சங்கர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாமல் இருந்ததற்குக் காரணம் ஒரு கோழி. சிரிக்காதே மாப்ளே. இந்த ஆஸ்திரேலியக் காட்டுக்கோழி, ப்ரஷ் டர்க்கி என்பார்கள். கறுத்த உடம்பு, முடியில்லாத சிவப்புத் தலை, கழுத்தில் மஞ்சளாக ஒரு தொங்கல். ஆகஸ்ட் கடைசியில் எங்கள் கொல்லைக்கு வந்தது. வந்த முதல் நாளே கறிவேப்பிலை அடியில் நான் போட்டிருந்த மண், எரு, சருகு எல்லாவற்றையும் காலால் வாரி வாரிப் பின்னால் எறிந்து, வேலியோரமாக ஒரு மேடு கட்ட ஆரம்பித்துவிட்டது. இப்போது அது என் இடுப்பு உயரம். அதைத் தொடக் கூடாது, பாதுகாக்கப்பட்ட பறவை. கண்ணாடி வைத்தால் தன் உருவத்தையே எதிரி என்று நினைத்துச் சண்டை போட்டுக்கொண்டு இருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று சரோஜாவின் பழைய பீரோ கண்ணாடியைக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு நாள் முறைத்துப் பார்த்தது. மறுநாள் கண்ணாடிக்குப் பின்னால் போய் வாரியது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நீயும் கீதாவும் கனடாவில், ஸ்கார்பரோவில் பனிக்கு பயந்து வீட்டுக்குள் உட்கார்ந்து, இங்கே மிருகக்காட்சிசாலை நடத்துகிற அந்த இர்வின் குடும்பத்து டிவி நிகழ்ச்சியின் பழைய எபிசோடுகளை ஒன்றுவிடாமல் பார்க்கிறீர்கள் என்று எழுதியிருந்தாய். 'நீ அங்கே பக்கத்தில்தானே இருக்கிறாய், அந்தக் குடும்பம் நிஜமாகவே அப்படித்தானா, இல்லை எல்லாம் கேமராவுக்காகவா' என்று கீதா கேட்கச் சொன்னாளாம்.

பக்கத்தில்தான். பிரிஸ்பேனிலிருந்து வடக்கே நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம், பீர்வா என்ற சின்ன ஊர். வழியில் கிளாஸ் ஹவுஸ் மலைகள் வரும், சமவெளியில் ஒவ்வொன்றாக நட்டு வைத்த மாதிரி பாறைக்குன்றுகள். அம்மா முதல் தடவை பார்த்தபோது, 'திருக்கழுக்குன்றம் மாதிரியே இருக்கு, மேலே கோயில்தான் இல்ல' என்றாள். ஊரிலிருந்து யார் வந்தாலும் பீர்வாவில் இருக்கும் அவர்களுடைய மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது, ஏழெட்டுத் தடவை போயிருப்பேன். அவர்களுடைய முதலை அரங்கத்தை டிவியில் பார்த்திருப்பாய். டிவியில் பின்னணி இசை போட்டுக் கெடுத்துவிடுகிறார்கள். நேரில் அங்கே முக்கியமானது அமைதிதான். கையில் இறைச்சித் துண்டோடு ஒரு ஆள் தண்ணீர் ஓரமாக நிற்பார். தண்ணீர் அசையவே அசையாது. சின்னக் குழந்தைகள்கூட வாயை மூடிக்கொள்ளும். அப்புறம் ஒரே எம்பு, தாடை மூடுகிற சத்தம், பழைய மரப்பெட்டி மூடியைக் கை நழுவிப் போட்ட மாதிரி. அந்தச் சத்தம் எந்த எபிசோடிலும் சரியாக வரவில்லை.

கேமராவுக்காகவா என்றால், கேமராவுக்காகவும்தான். முதலை பிடிப்பதில் பேர்போன ஸ்டீவ் இர்வினும் மனைவி டெர்ரியும் 1992-ல் கல்யாணம் ஆன கையோடு தேனிலவுக்கு முதலை பிடிக்கப் போய், அதைப் படம்பிடித்ததுதான் அவர்களுடைய பழைய நிகழ்ச்சியின் முதல் எபிசோடே. மகள் பிண்டி 1998-ல் பிறந்தாள், மகன் ராபர்ட் 2003 டிசம்பரில். இரண்டு பேரும் நடை பழகியதே கேமரா முன்னால். அவர்களிடம் போய் நிஜ முகம் எது, டிவி முகம் எது என்று கேட்டால் அவர்களுக்கே பிரித்துச் சொல்லத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். 2004 ஜனவரியில் ஒரு மாதக் கைக்குழந்தையாக இருந்த ராபர்ட்டை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு இன்னொரு கையால் ஸ்டீவ் முதலைக்கு இறைச்சி கொடுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும், உலகமே திட்டியது. நானும் திட்டியவன்தான். இப்போது யோசித்தால், கொல்லன் பிள்ளை உலைக்களத்தில் தவழ்வதை நாம் ஊரில் பார்த்து வளர்ந்தவர்கள்தானே என்று தோன்றுகிறது. ஆனாலும் முதலை முதலைதான்.

எனக்கு அந்த நிகழ்ச்சியில் பிடிக்காதது ஒன்றுதான், யாரும் சண்டை போடுவதில்லை. நாற்பது நிமிஷத்துக்குள் ஒரு கோவாலாவுக்கு ஆபரேஷன், ஒட்டகச்சிவிங்கிக்குக் குட்டி, சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் சிரிப்பு. நம் இரண்டு வீட்டில் ஒன்றை இப்படி எடுத்திருந்தால் முதல் எபிசோடிலேயே பாகப்பிரிவினை வந்திருக்கும். ஸ்டீவின் அப்பா பாப்தான் 1970-ல் மெல்போர்ன் பக்கம் செய்துகொண்டிருந்த குழாய் வேலையை விட்டுவிட்டு, குடும்பத்தோடு இவ்வளவு தூரம் வடக்கே வந்து, நாலு ஏக்கரில் பாம்பு, பல்லி, முதலை என்று ஒரு சின்னப் பூங்கா போட்டவர். அவரே 2008-ல் அங்கிருந்து விலகிவிட்டார். அதற்குப் பின்னால் என்ன இருந்ததோ, அது அவர்கள் வீட்டு விஷயம், ஆனால் நாற்பது நிமிஷத்துக்குள் அது அடங்காது என்பது மட்டும் தெரிகிறது.

அங்கே இருக்கும் பிராணிகள் ஆஸ்பத்திரி நிஜம். அதைக் கீதாவிடம் சொல். ஸ்டீவின் அம்மா லின் 2000-ல் கார் விபத்தில் போய்விட்டார், அவர் நினைவாக 2004-ல் ஆரம்பித்தது. காட்டுத்தீ எரிந்த அந்தக் கோடையில், 2020 தொடக்கத்தில், அதுவரை சிகிச்சை பெற்ற பிராணிகளின் எண்ணிக்கை 90,000-ஐத் தாண்டியது. ஒருமுறை ரோட்டில் அடிபட்டுக் கிடந்த ஒரு லோரிகீட் கிளியை ஷூ பெட்டியில் துண்டு விரித்து வைத்து நாங்களும் கொண்டுபோனோம். பணம் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான்: எங்கே எடுத்தீர்கள்? எந்த ஊர், எந்தத் தெரு, எந்த முனை, எந்த மரத்தடி. குணமானதும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டுமாம், வேறு இடத்தில் விட்டால் பிழைப்பது கஷ்டம் என்று அந்தப் பெண் சாதாரணமாகச் சொன்னாள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். சரோஜா காரில் வரும்போது, 'என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு' என்றாள்.

உண்மையில் அந்த நிகழ்ச்சியை நான் டெர்ரிக்காகத்தான் பார்க்கிறேன். எல்லோரும் ஸ்டீவ், பிண்டி, ராபர்ட் என்கிறார்களே தவிர, அந்தப் பெண்மணியைப் பார்ப்பதே இல்லை. அமெரிக்காவில் ஒரிகன் மாநிலம், யூஜீன் என்ற ஊர்க்காரர். அங்கே அடிபட்ட காட்டுப்பூனை, கூகர் என்று வைத்துப் பராமரித்துக்கொண்டிருந்தவர். 1991-ல் சுற்றிப்பார்க்க வந்த இடத்தில், இந்தப் பூங்காவில் முதலைக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த ஆளைப் பார்த்தார், அடுத்த வருஷம் ஜூனில் கல்யாணம், அப்புறம் இங்கேயே. எட்டு வயதுப் பெண்ணும் இரண்டு வயதுப் பையனும் கையில் இருக்கும்போது கணவர் போய்விட்டார். அப்பவே பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தால் யாராவது குறை சொல்லியிருப்பார்களா? போகவில்லை. 2009-ல் ஆஸ்திரேலியக் குடியுரிமையும் வாங்கினார். நானும் அதே வருஷம்தான் வாங்கினேன், கவுன்சில் மண்டபத்தில் மேயர் கைகொடுத்துவிட்டு ஒரு சின்ன லில்லி பில்லி செடி கொடுத்தார். அந்தச் செடி இப்போது மரமாகிவிட்டது. அதன் அடியில்தான் கோழி மேடு கட்டியிருக்கிறது என்பது வேறு விஷயம்.

ஸ்டீவ் போன நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2006 செப்டம்பர் 4, திங்கட்கிழமை. முந்தின நாள்தான் இங்கே தந்தையர் தினம். நாங்கள் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, ஆபீஸில் யாரோடும் வேலையைத் தாண்டிப் பேச்சு கிடையாது. மத்தியானத்துக்கு மேல், வடக்கே கடலில் திருக்கை மீன் முள் குத்தி இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. பக்கத்து மேஜைக்காரர், ஆறடி ஆள், என்னிடம் காலை வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் மேஜையில் சாய்ந்து நின்றார். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நம் ஊரில் என்றால் கையைப் பிடித்துக்கொள்வோம். நானும் பிடித்துக்கொண்டேன். அதற்கப்புறம் நாங்கள் நண்பர்கள். அந்த வாரக் கடைசியில் அவரோடு பீர்வாவுக்குப் போனேன், வாசலெங்கும் பூ, அதன்மேல் கையெழுத்துப் போட்டு வைத்த காக்கிச் சட்டைகள். 44 வயது அந்த மனிதருக்கு. எனக்கு அப்போது 35, நாற்பத்திநாலெல்லாம் ரொம்ப தூரம் என்று நினைத்திருந்தேன்.

பிண்டி கல்யாண எபிசோடு பார்த்தீர்களா? நீ அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நான் முதலில் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. 2020 மார்ச் 25. மறுநாளிலிருந்து கல்யாணத்துக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு வரப்போகிறது என்று தெரிந்ததும், விருந்தாளி ஒருவரும் இல்லாமல் மிருகக்காட்சிசாலைக்குள்ளேயே முடித்துவிட்டார்கள். அப்பா இடத்தில் தம்பி கூட நடந்து வந்தான், அப்பாவுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். மாப்பிள்ளை ஃப்ளோரிடாக்காரர். அதே மார்ச் 25-தான் இந்தியாவில் ஊரடங்கின் முதல் நாள். அதே நாளில்தான் ஆஸ்திரேலியாவும் தன் குடிமக்கள் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு போட்டது. இந்த மூன்றும் ஒரே தேதி என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

அந்த ஆகஸ்டில் அப்பா போனார். உனக்குத் தெரியும், நீதான் ராத்திரி முழுக்க போனில் இருந்தாய். அனுமதிக்கு விண்ணப்பித்து, விமானம் தேடி, இரண்டு வாரம் தனிமையில் இருந்து எல்லாம் முடிக்கிறவரை யார் காத்திருப்பார்கள், அண்ணன் தான் எல்லாம் செய்தான். நான் இங்கே குளித்துவிட்டு ஈர வேட்டியோடு சோபாவுக்கு முன்னால் நின்றேன். அங்கே அண்ணன் மகன் போனை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தான், அது நழுவிவிட்டது. கடைசிப் பத்து நிமிஷமும் எனக்குப் பந்தல் கூரைதான் தெரிந்தது, கீற்றுக்கு நடுவில் துண்டு துண்டாக வானம். சத்தம் மட்டும் கேட்டது. யாரும் கவனிக்கவில்லை, நானும் கத்திக் கூப்பிடவில்லை, அந்த நேரத்தில் எப்படிக் கூப்பிடுவது. வருஷக் கடைசியில் சரோஜா அந்தக் கல்யாண எபிசோடைப் போட்டாள். மெழுகுவர்த்தி ஏற்றுகிற இடம் வந்ததும் நான் எழுந்துபோய் வாசல் குழாயைத் திறந்து செடிக்குத் தண்ணீர் விட்டேன், மழை பெய்து ஓய்ந்திருந்தது அப்போது.

அதற்கடுத்த வருஷம், அதே மார்ச் 25-ம் தேதி, பிண்டிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கிரேஸ் என்று பெயர். அந்தச் செய்தியை என்னவோ நான் சொந்தக்காரர் வீட்டுச் செய்தி மாதிரி வாட்ஸப்பில் எல்லோருக்கும் அனுப்பினேன். உனக்கும் வந்திருக்கும், நீ ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டுப் போய்விட்டாய்.

அது இருக்கட்டும். நாம் எட்டாவது படிக்கும்போது வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு டூர் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? வாயைத் திறந்தபடி ஒரு முதலை அரைமணி நேரம் அசையாமல் கிடந்தது, அது சிமெண்டு பொம்மை என்று நீ எட்டணா பந்தயம் கட்டினாய். நான் கல்லை எடுத்து எறிந்தேன், அது திரும்பிக்கூடப் பார்க்காமல் நழுவித் தண்ணீருக்குள் போனது, பயாலஜி வாத்தியார் என் காதைத் திருகினார், அந்த எட்டணாவை நீ இன்னும் கொடுக்கவில்லை. அந்த இடத்தை 1976-ல் ஆரம்பித்த ரோமுலஸ் விட்டேக்கர் நியூயார்க்கில் பிறந்து சின்னப் பிள்ளையாக இந்தியாவுக்கு வந்தவர் என்பதெல்லாம் அப்போது நமக்கு எங்கே தெரியும். வெள்ளைக்காரர் ஒருவர் லுங்கி கட்டிக்கொண்டு தமிழ் பேசுவார் என்று வாத்தியார் சொன்னார், நாம் நம்பவில்லை. இன்றைக்கு நானும் இங்கே லுங்கியோடுதான் குப்பைத்தொட்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனைக்குப் போகிறேன், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. செப்டம்பரில் மட்டும் தலையில் ஹெல்மெட். கூடு கட்டியிருக்கும் மேக்பை பறவை பின்னாலிருந்து வந்து மண்டையில் கொத்தும். ஆள் முகம் மறக்காத பறவை அது, அதற்கு என்னை ஏனோ பிடிக்காமல் போய்விட்டது.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். சுகமாக இருக்கிறாள், அண்ணன் வீட்டில். போன தடவை இங்கே வந்தபோது கராஜ் உத்தரத்தில் ஒரு மலைப்பாம்பு, கார்ப்பெட் பைத்தான், என் உயரத்துக்குக் குறையாது, விஷமில்லை, எலி தின்ன வரும். பாம்பு பிடிக்கிற ஆள் வந்து பையில் போடுகிறவரை அம்மா ஒரு தட்டில் கற்பூரத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அவன் என்னிடம் மெதுவாக, 'இந்த அம்மா பாம்பைக் கொளுத்தப் போகிறார்களா' என்று கேட்டான். கும்பிடத்தான் என்று விளக்கியதும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஆரத்தி முடிகிற வரைக்கும் நின்றான், நல்ல பையன்.

இந்தக் கடிதத்தை ராத்திரியே முடித்திருப்பேன், தூக்கம் வந்துவிட்டது. காலையில் காபியோடு கொல்லைக்குப் போனால் கோழி வழக்கம்போல அலகை மேட்டுக்குள் நுழைத்து எடுத்துக்கொண்டிருந்தது. உள்ளே சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறதாம், அதிகமானால் சருகைத் தள்ளும், குறைந்தால் போடும், மாதக்கணக்கில் இதே வேலை. அடைகாப்பதெல்லாம் அந்த அழுகிய சருகுச் சூடுதான். பார்த்துக்கொண்டே இருக்கும்போது மேட்டின் மறுபக்கம் மண் பொலபொலவென்று உதிர்ந்தது, ஒரு தலை வந்தது, அப்புறம் மண்ணப்பிய ஒரு குஞ்சு, மைனா அளவு இருக்கும். நின்று உதறிக்கொண்டது. அப்பன்காரன் ஒரு முழ தூரத்தில் வாரிக்கொண்டிருந்தான், திரும்பவில்லை, அதற்கும் தேடத் தோன்றவில்லை. நேராக வேலி இடுக்கில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டது. பிறந்த நிமிஷத்திலிருந்து தனியாகத்தான் பிழைக்குமாம், யாரும் சோறூட்டுவதில்லை, யாரும் வழிகாட்டுவதில்லை.

சரோஜா கைப்பிடி அரிசியோடு ஓடிவந்தாள். அதற்குள் போய்விட்டது என்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு நாய் இருக்கிறது, அதனால் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. நாய் தூங்கிக்கொண்டிருந்தது. அரிசியை இடுக்கில் போட்டு வைத்திருக்கிறோம், நாளைக்கும் பார்க்கிறேன்.

உன் வீட்டுக் குப்பைத்தொட்டி மூடியை ராக்கூன் இந்த வாரம் திறந்ததா இல்லையா, எழுது. எட்டணாவை மறக்காதே.

அன்புடன்,
ராஜா