அந்த ஒரு கவுன்டரைத் திறந்து வையுங்கள்

மருத்துவமனை நிர்வாகத்தாருக்கு வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் லேப் வாசலில் மயங்கி விழுந்தவர் சர்க்கரை நோயாளியான என் அம்மா. ஓடி வந்து தாங்கிய செக்யூரிட்டி அண்ணனுக்கும், குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்த நர்ஸுக்கும் முதலில் நன்றி.

வெறும் வயிற்றில் வரச் சொன்னது நீங்கள்தான். முந்தின ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டவர், குடியாத்தத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஏழு மணிக்கெல்லாம் வந்துவிட்டார். ரத்தம் எடுக்க பில் வேண்டும், பில் போட டோக்கன் வேண்டும், டோக்கன் ஆப்பில்தான் என்று சொல்லிவிட்டார்கள். அவரிடம் இருப்பது பட்டன் போன். ஓசூரில் வேலையில் இருந்த நான் இங்கிருந்து போட்டுப் பார்த்தேன், ஓடிபி அவர் நம்பருக்குப் போகிறது, கண்ணாடி இல்லாமல் அவரால் அதைப் படிக்க முடியவில்லை, பக்கத்தில் இருந்தவரிடம் காட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. இப்படியே பத்தே முக்கால். மடியில் டிபன் பாக்ஸில் நாலு இட்லி இருந்தது. ரத்தம் கொடுத்ததும் சாப்பிடலாம் என்று கட்டிக்கொண்டு வந்தது. ஒரு வாய் சாப்பிட்டாலும் டெஸ்ட் வீணாகிவிடும், இன்னொரு நாள் பஸ் ஏற வேண்டும் என்ற பயத்தில் மூடியைத் திறக்கவே இல்லை.

நீங்கள் இரண்டு ரூம் கிளினிக்காக இருந்த நாளிலிருந்து நாங்கள் உங்களிடம்தான் வருகிறோம். அப்போது கம்பவுண்டர் நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு அட்டையில் நம்பர் போட்டுத் தருவார். "சுகர்காரங்க யாரு, முன்னாடி வாங்க" என்று அவரே கூப்பிடுவார். அப்புறம் பக்கத்து வீட்டை வாங்கினீர்கள், மாடி எழுப்பினீர்கள், ஸ்கேன் வந்தது, லிஃப்ட் வந்தது. எங்களுக்கும் சந்தோஷம்தான். அப்பாவுக்கு நடுராத்திரி நெஞ்சுவலி வந்தபோது காப்பாற்றியது உங்கள் ஐசியூதான், அதை மறக்க மாட்டோம். ஆனால் இத்தனை மாடி எழுந்த கட்டடத்தில் பெயர் எழுதிக்கொள்ள ஒரு ஆள் இல்லாமல் போனது எப்படி?

இதே வேலூரில்தான் அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு ஆஸ்பத்திரியைத் தொடங்கினார், 1902-ல் அது 40 படுக்கை ஆனது, இன்று அதுதான் சிஎம்சி ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி பெரிதான பிறகும் அவர் குடியாத்தம் சாலையில் வண்டியை மரத்தடியில் நிறுத்தி நிறுத்தி வைத்தியம் பார்த்தார். அந்தச் சாலையில் வருகிற ஜனங்கள்தான் நாங்கள். அவரைப் போல நீங்கள் சாலைக்கு வர வேண்டாம், வாசலுக்கு வந்தவர்களை உள்ளே விடுங்கள்.

கேஸ் புக் பண்ண போன், பேங்க்குக்கு போன், எல்லாவற்றுக்கும் ஓடிபி என்று ஆகிவிட்டது. சிலிண்டர் நாலு நாள் தள்ளி வந்தால் சமாளித்துக்கொள்ளலாம். பட்டினியாக உட்கார்ந்திருக்கும் சர்க்கரை நோயாளிக்கு நாலு மணி நேரம் என்றால் என்ன ஆகும் என்று டாக்டர்களான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆப் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. காலை ஆறரை மணிக்கு ஒரு கவுன்டரில் ஒரு ஆளை உட்கார வையுங்கள். நேரில் வருகிறவர்களுக்கு அவர் டோக்கன் போடட்டும், வெறும் வயிற்றில் வந்தவர்களுக்கு முதலில் ரத்தம் எடுக்கட்டும், பில்லை அப்புறம் போடலாம். அந்த ஒரு கவுன்டர் போதும்.

அடுத்த மாதம் அம்மாவுக்கு மறுபடி டெஸ்ட் எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன் செய்து கொடுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குடியாத்தத்திலிருந்து வரும் உங்கள் பழைய நோயாளி ஒருவரின் மகன்