வாரியர் கப்பலின் அடித்தளம்

அன்பு மகள் செல்விக்கு, அப்பா எழுதுவது.

போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் பாய்மரமும் புகைபோக்கியுமாக நிற்கிற கறுப்புக் கப்பலைப் படமெடுத்து அனுப்பியிருந்தாயே, அதுதான் ‘வாரியர்’ என்ற பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பல். கப்பல் இன்ஜின் ரூமிலேயே காலம் கழித்தவனுக்கு அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா?

1859-இல் பிரான்ஸ் ‘லா குளுவார்’ என்ற கவசக் கப்பலை இறக்கியது. மரத்தால் ஆன உடல், வெளியே இரும்புத் தகடு. அதைப் பார்த்துக் கலங்கிய பிரிட்டன் உடலையே இரும்பில் கட்டிய கப்பல் இது. பீரங்கித் தளத்தின் பக்கச்சுவரில் நாலரை அங்குல இரும்பு, அதற்குப் பின்னால் 18 அங்குலத் தேக்கு. 1860 டிசம்பர் 29 அன்று தேம்ஸ் கரையில் இறக்கப் போனால், குளிரில் சறுக்குமேடையோடு உறைந்து நகர மாட்டேன் என்றது. ஆட்கள் மேல்தளத்தில் இங்கும் அங்கும் ஓடி ஆட்டிவிட்டார்கள், இழுவைப் படகுகளும் சேர்ந்து இழுத்த பிறகே தண்ணீரைத் தொட்டது.

காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் நீராவி. பாய் விரிக்கும்போது புரொப்பல்லர் தண்ணீரில் கிடந்தால் வேகம் குறையும் என்று அதை மேலே தூக்கிவிடுவார்கள். எடை 26 டன்! தூக்க 600 பேர் வரை கயிறு பிடிக்க வேண்டும். புகைபோக்கிகளையும் உள்ளே இறக்கிக்கொள்ளலாம். நீராவியில் ஓடினால் 14 நாட் (knot) வேகம், அதாவது மணிக்குச் சுமார் 26 கிலோமீட்டர். அந்த வேகத்துக்காகக் கப்பலின் அடித்தளத்தில் 10 பாய்லர், 40 அடுப்பு வாய். அந்த வெக்கையில் நின்று கரி அள்ளிப் போட்டவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது, அம்மா. கப்பலின் வேகம் அவர்கள் தோளில்தான் இருந்தது.

போரில் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. பத்து வருடத்துக்குள் புதுக் கப்பல்கள் இதைப் பழசாக்கிவிட்டன. 1869-இல் கப்பல்களைப் பழுதுபார்க்கும் ஒரு மிதக்கும் டாக்கை அட்லாண்டிக் தீவான பெர்முடாவுக்கு இழுத்துப் போனது. அப்புறம் கடலோரக் காவல், 1904 முதல் டார்பீடோ (நீருக்கடியில் பாயும் குண்டு) பயிற்சிப் பள்ளியோடு இணைந்த வேலை. பழைய இரும்பாக விற்கப் பார்த்தார்கள், வாங்க ஆளில்லை.

1929-இல் வேல்ஸில் பெம்ப்ரோக் பக்கம் கட்டிப்போட்டு எண்ணெய் ஜெட்டியாக்கினார்கள். அரை நூற்றாண்டில் சுமார் 5000 கப்பல்கள் அதன் பக்கத்தில் நின்று எண்ணெய் நிரப்பிக்கொண்டன. பெரிய போர்க்கப்பலுக்கு வந்த அவமானம் என்று சிலர் வருத்தப்படுவார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த வேலை இருந்ததால்தான் யாரும் அதை உடைக்கவில்லை. அடி இரும்பு கெட்டியாக இருந்ததால்தான் அந்த வேலையையும் தாங்கியது. 1979-இல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்துக்கு இழுத்துப் போய்ச் சீரமைத்து, 1987 ஜூனில் போர்ட்ஸ்மத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

விடுமுறை நாளில் உள்ளே போய்ப் பார். இன்ஜினும் பாய்லரும் இப்போது மாதிரிகள்தான், அசல் இல்லை. இருந்தாலும் கீழே இறங்கு. அடுப்பு வாய்க்கு முன்னால் மண்வெட்டி வீச எவ்வளவு இடம் இருக்கிறது என்று நின்று பார்த்து, கிட்டத்தில் படமெடுத்து அனுப்பு. பீரங்கிப் படம் வேண்டாம், அது எங்கும் கிடைக்கும்.

அன்புடன்,
அப்பா