குளவி வராத அத்தி: மரம் நடும் இயக்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மரம் நடும் இயக்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம். வெயிலில் நின்று குழி வெட்டி, குடம் குடமாகத் தண்ணீர் சுமக்கிற உங்கள் உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். உங்கள் அறிக்கைகளில் எத்தனை கன்று நட்டோம் என்ற கணக்கு இருக்கிறது. எத்தனை பிழைத்தன என்பதுகூடச் சிலவற்றில் இருக்கிறது. அந்த மரங்களை நாடி எந்தப் பூச்சி வந்தது, எந்தப் பறவை வந்தது, அடியில் எந்த விதை தானாக முளைத்தது என்ற கணக்குதான் பெரும்பாலும் காணோம். மரம் நின்றுவிட்டால் காடு வந்துவிட்டதாக நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

ஆல், அரசு, அத்தி மூன்றும் ஒரே பேரினம்தான். உலகெங்கும் இதில் 750 இனங்களுக்கு மேல் உண்டு. இவற்றின் பூ நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. காய் என்று நாம் நினைக்கிற உருண்டைக்குள்ளே பொடிப்பொடியாகப் பூக்கள் நெருங்கிக் கிடக்கின்றன. நுனியில் ஊசித்துளை போல ஒரு வாசல். இரண்டு மில்லிமீட்டர் அளவே உள்ள பெண் குளவி அந்த வாசலில் தலையைக் கொடுத்து முண்டி நுழைகிறது. நுழையும்போதே பெரும்பாலும் சிறகு பிய்ந்துவிடும். இனி அதற்கு வெளியுலகம் கிடையாது. கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, உள்ளேயே செத்துப்போகிறது. அடுத்த தலைமுறையில் முதலில் வெளிப்படுவது சிறகில்லாத ஆண் குளவி. அது பெண்களோடு இணைசேர்ந்து, காயின் சுவரைக் குடைந்து வழி திறந்துவிட்டு மடிகிறது. அந்த வழியே மகரந்தத்தோடு பறந்துபோகும் பெண்ணின் ஆயுள் ஓரிரு நாள்தான். அதற்குள் தன் இனத்துக்கு உரிய, சரியான பருவத்தில் காய் பிடித்திருக்கும் இன்னொரு மரம் அதற்குக் கிடைத்தாக வேண்டும்.

கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவே சாட்சி. 1880களில் அங்கே ஸ்மிர்னா வகை அத்தியைக் கொண்டுபோய் நட்டார்கள். மரங்கள் செழித்து வளர்ந்தன. காய்கள் மட்டும் பழுக்காமலே உதிர்ந்தன. மண்ணிலும் குறையில்லை, நீரிலும் குறையில்லை, வந்து சேராதது குளவிதான். அந்தக் குளவியையும், அது குடியிருக்கிற காட்டு அத்தியையும் சேர்த்து வளர்த்து, 1899-இல் குளவி அங்கே நிலைகொண்ட பிறகுதான் ஸ்மிர்னா பழம் தந்தது.

ஒரே ஒரு ஆலமரத்தை நட்டுவிட்டு, குளவி பறந்து வரக்கூடிய தொலைவில் அதன் இனமே இல்லாமல் விட்டால், நாம் நட்டது நிழல் மட்டும்தான். நிழலும் வேண்டியதே, மறுக்கவில்லை. ஆனால் பறவையும் வௌவாலும் குரங்கும் தேடி வருவது பழத்துக்காக. வெப்பமண்டலக் காடுகளில் பெரும்பாலான மர இனங்களின் விதை விலங்குகளின் வயிற்றிலோ வாயிலோதான் பயணம் போகிறது. நீங்கள் நடாத மரங்களைக்கூட அவை உங்களுக்காக நட்டுத் தரும்.

மண்ணுக்குள்ளும் இதே கதைதான். நிலத்தில் வளரும் தாவர இனங்களில் மிகப் பெரும்பான்மை வேரில் பூஞ்சையோடு கூடி வாழ்பவை. வேர் எட்டாத இடுக்கிலிருந்து பூஞ்சை பாஸ்பரசையும் நீரையும் இழுத்துத் தருகிறது. மரம் பதிலுக்குச் சர்க்கரை தருகிறது. பைன் இயல்பாக வளராத நாடுகளில் அதை நட்டுப் பார்த்தபோது கன்றுகள் மஞ்சளித்துக் குன்றிப்போயின. பைன் வளர்ந்த இடத்து மண்ணைக் கொஞ்சம் கலந்த பிறகே தேறின. அந்த மண்ணில் வந்தது பூஞ்சை. (பைனை அங்கெல்லாம் நட்டது சரியா என்பது வேறு கேள்வி. பல இடங்களில் அது பிறகு களையாகவே பரவியது.) ஆகவே நாற்றுப்பையில், அதே இன மரம் நலமாக நிற்கும் இடத்து மண் ஒரு கைப்பிடி சேருங்கள். சருகைக் கூட்டிக் கொளுத்தாதீர்கள்.

இன்னொன்று, எங்கே நடக்கூடாது என்பது. இதைச் சொன்னால் உங்களில் சிலருக்கு வருத்தமாக இருக்கும். பிரிட்டனில் பெருநீலம் என்ற வண்ணத்துப்பூச்சி 1979-இல் அற்றுப்போனது. சேகரிப்பவர்கள் பிடித்துத் தீர்க்கிறார்கள் என்று நினைத்துச் சில இடங்களுக்கு வேலி போட்டார்கள். மேய வந்த கால்நடையும் வெளியே நின்றது. அந்த வண்ணத்துப்பூச்சியின் புழு முதலில் தைம் செடியின் பூவைத் தின்னும், பிறகு தரையில் விழுந்து, ஒரு வகைச் சிவப்பெறும்பை ஏமாற்றி அதன் புற்றுக்குள்ளே போய், எறும்பின் குஞ்சுகளைத் தின்று வளரும். அந்த எறும்புக்கு வெயில் படும் சூடான மண் வேண்டும். புல் கட்டையாக இருந்தால்தான் மண் சூடாகும். 1950களில் மிக்சோமடோசிஸ் என்ற நோய் முயல்களை வாரிக்கொண்டு போனது, மேய்ச்சலும் குறைந்தது. புல் உயர்ந்தது, மண் குளிர்ந்தது, எறும்பு விலகியது, வண்ணத்துப்பூச்சி போனது. காரணம் தெரிந்த பிறகு மேய்ச்சலை மீட்டு, ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து 1980களில் மறுபடி குடியேற்றினார்கள். முயலின் நோய் ஒரு வண்ணத்துப்பூச்சியைக் கொல்லும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

அப்படிப்பட்ட புல்வெளியில் நல்லெண்ணத்தோடு ஆயிரம் கன்று நட்டாலும் நடப்பது அதே அழிவுதான். மரமில்லாத நிலமெல்லாம் வெற்று நிலம் அல்ல. காலங்காலமாகப் புல்வெளியாகவே இருந்த இடத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

நட்ட மரத்தின் இலையில் ஓட்டை விழுந்தால் உடனே மருந்து அடிக்கச் சொல்லிப் பதறுகிறோம். அந்த ஓட்டை ஒரு புழு சாப்பிட்ட தடயம். தானியம் தின்னும் பறவைகளில்கூடப் பல, குஞ்சுகளுக்குப் புழுவையும் பூச்சியையும்தான் ஊட்டுகின்றன. மரம் தாங்குகிற அளவுக்குத் தின்னட்டும், விடுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். இனத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், அதற்கு மகரந்தம் சேர்ப்பது யார், விதை பரப்புவது யார், அவை அக்கம்பக்கத்தில் இன்னும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். நட்ட ஐந்தாம் ஆண்டில் ஒருமுறை அதே இடத்துக்குப் போய், மரத்தின் உயரத்தை அளந்த கையோடு, அடியில் யாரும் நடாமல் முளைத்த கன்றுகளையும் எண்ணி அறிக்கையில் சேருங்கள். அந்த எண் பூச்சியமாக இருந்தாலும் மறைக்காமல் வெளியிடுங்கள். அடுத்து நடுகிறவர்களுக்கு அதுதான் மிகவும் உதவும்.

அன்புடன்,
உங்களோடு கன்று நடுகிற ஒருவன்