அக்டோபரிலேயே யமகோஷிக்குப் போய் வா

அன்பு மகளுக்கு,

ஜப்பானில் நாகாவோகாவில் இருந்துகொண்டு இன்னும் யமகோஷிக்குப் போகவில்லை என்கிறாயே கண்ணு, 2005இல் உன் ஊரோடு சேர்த்த மலைக்கிராமம்தான் அது. அக்டோபரில் போ. கோடையெல்லாம் மண்குளங்களில் வளரவிட்ட கோய் என்னும் வண்ண அலங்கார மீன்களைப் பனி கொட்டுவதற்குள் வலைபோட்டுப் பிடித்துக் கொட்டகைத் தொட்டிகளுக்கு மாற்றுவது அப்போதுதான்.

இங்கே கடைகளில் கோயையும் தங்கமீனையும் ஒரே தொட்டியில் விட்டு விற்கிறார்கள், ஆனால் கோய்க்கு வாயோரம் மீசை இருக்கும், அது கெண்டை இனம். அந்த மலைக்காரர்கள் வயலுக்குத் தண்ணீர் தேக்கும் குளங்களில் அதைக் குளிர்காலத்துச் சாப்பாட்டுக்காகத்தான் வளர்த்தார்கள். 1800களின் தொடக்கத்தில் சில குஞ்சுகள் நிறத்தோடு பிறந்தபோது அவற்றைச் சமைத்துவிடாமல் ஒதுக்கி வளர்த்து, ஒன்றோடொன்று இணைசேர்த்துப் பார்த்தார்களே, அந்த விவசாயிகளை நினைத்தால் எனக்கு அவ்வளவு மரியாதை. 1914இல் டோக்கியோ கண்காட்சிக்கு மீன்கள் போன பிறகுதான் வெளியுலகம் கவனித்தது.

கோயில் பல வகை உண்டு, பொன்னாக மின்னும் ஓகோன் வகைதான் முதலில் உன் கண்ணில் படும். நல்ல மீன்தான், ஆனால் நீ கோஹாக்கு வகையிடம் நில். வெள்ளை உடம்பில் சிவப்பு, அவ்வளவுதான், அதனாலேயே குறையை மறைக்க இடமில்லை: வெள்ளை தும்பைப்பூவாக இருக்கவேண்டும், சிவப்பு முடியும் ஓரம் கலங்காமல் இருக்கவேண்டும். அதில் கருப்புத் திட்டும் சேர்ந்தால் சான்கே. 1927இல் உருவான ஷோவாவில் கருப்புதான் அடிப்படை, பொரித்த சில நாளிலேயே கருத்த குஞ்சுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுவார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த செதில் குறைந்த கெண்டையை நீலநிற அசாகியோடு சேர்த்துப் பிறந்தது ஷுசுய், முதுகில் செதில்கள் வரிசையாக ஓடும். ஒரு தாய்மீன் லட்சக்கணக்கில் முட்டையிட்டாலும் பலமுறை கழித்தது போக மிஞ்சுவது சொற்பம், அந்தத் தேர்வெல்லாம் வளர்ப்பவரின் கண்ணில்தான் இருக்கிறது.

அப்புறம், அங்கே யாரிடமாவது 2004 அக்டோபர் 23 நிலநடுக்கத்தைப் பற்றிக் கேள். குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்துபோய் ஊர்மக்களையே மலையிலிருந்து ஹெலிகாப்டரில் வெளியே கொண்டுவரவேண்டியிருந்தது, பிறகு பிழைத்த மீன்களையும் ஹெலிகாப்டரில்தான் கொண்டுவந்தார்கள். அந்தத் தலைமுறைத் தாய்மீன்கள் போயிருந்தால் அத்தனை வருஷ உழைப்பும் போயிருக்கும். அவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு எனக்கு எழுது.

படம் எடுத்தால் மேலிருந்து எடு, கோயை முதுகுப்பக்கம் பார்த்துத்தான் மதிப்பிடுவார்கள். மலையில் குளிரும், ஸ்வெட்டரை மறக்காதே.

அன்புடன்,
அப்பா