மலைக்குக் கம்பளி, சேலத்துக்குப் பருத்தி

ஏற்காடு,
பொங்கல் முடிந்த வாரம்

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ படம் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கிற காலத்தில், கையால் எழுதி ஸ்டாம்ப் ஒட்டி அனுப்ப உன்னால்தான் முடியும். தபால்காரரிடம் வாங்கி வந்த என் வீட்டுக்காரர், "உன் சிநேகிதி சொத்துப் பத்திரம் அனுப்பியிருக்காங்க போல, கவர் இந்தக் கனம் கனக்குது" என்றார். அதெல்லாம் இருக்கட்டும், பாட்டியாகப் போகிற சேதியை மூன்றாம் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறாயே, முதல் வரியில் எழுதினால் என்னடி? உன் மகளுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். அவள் இருக்கிற எடின்பரோவில் மாங்காய் கிடைக்குமா என்று அத்தை கவலைப்படுகிறார்.

இங்கே எல்லோரும் சுகம். காப்பிப் பழம் பறிப்பு முடிகிற கட்டம். ரிடையர் ஆன பிறகும் இவருக்குக் காலையில் எஸ்டேட் பக்கம் ஒரு நடை போய், களத்தில் காய்வதைக் கிளறிப் பார்த்துவிட்டு வந்தால்தான் டிபன் இறங்குகிறது. போன வாரம் ஒரு காட்டெருமை எங்கள் சந்து முனை வரை வந்து நின்றுவிட்டுப் போனது. பனி கடுமை. சாயங்காலமே ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். சின்னவள் கீழே சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறாள், அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் குறைவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் கற்றுக்கொடுத்த பின்னலை மறுபடி கையில் எடுத்திருக்கிறாய், குழந்தைக்கு என்ன பின்னலாம் என்று கேட்டிருக்கிறாய். இத்தனை வருஷம் பின்னியதில் எனக்கு ஒரு அபிப்பிராயம் கெட்டிப்பட்டுப் போயிருக்கிறது. யாருக்குப் பின்னுகிறோமோ அவர்கள் ஊரில் என்ன சீதோஷ்ணம், துணியை எப்படித் துவைக்கிறார்கள், தினமும் எதை எடுத்துப் புழங்குகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியைத் தொடவேண்டும். நம் வீட்டு பீரோக்களில் பாச்சை உருண்டையோடு கிடக்கிற பின்னல் சாமான்களை நினைத்துப் பார். பின்னினவள் ஆசைக்குப் பின்னினாள், வாங்கினவர்கள் மரியாதைக்கு வாங்கி வைத்தார்கள். டிவிக்கு ஒரு கவர், ரேடியோவுக்கு ஒரு கவர், டெலிபோனுக்கு ஒரு கவர். அந்த டிவியே இப்போது இல்லை, கவர் மட்டும் இருக்கிறது!

உன் பேரக்குழந்தைக்கு வருவோம். ஏப்ரலில் பிறக்கப்போகிறது என்கிறாய். எல்லோரும் பிறந்த குழந்தை அளவுக்குத்தான் பின்னி அனுப்புவார்கள், அது சில வாரத்தில் சின்னதாகிவிடும். நீ கணக்குப் போட்டுப் பார். அங்கே குளிர் திரும்பத் தொடங்குகிற அக்டோபரில் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கும். ஆகவே ஆறு மாதத்துக்கு மேற்பட்ட அளவில் ஸ்வெட்டர் பின்னு. பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ., ஆறு மாதத்தில் 42, 43 ஆகிவிடும். குல்லாய் மட்டும் தலையைவிட இரண்டு மூன்று செ.மீ. குறைவாகவே இருக்கட்டும். பின்னல் இழுபடும், அப்போதுதான் கழன்று விழாமல் நிற்கும்.

போர்வை பின்னலாமா என்று கேட்டாய். பின்னு, ஆனால் தொட்டிலில் போர்த்த என்று நினைக்காதே. ஒரு வயது ஆகும்வரை தூங்கும் குழந்தைமேல் தளர்வான போர்வையும் வேண்டாம், வீட்டுக்குள் தலையில் குல்லாயும் வேண்டாம் என்றுதான் இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். தரையில் விரித்து விளையாட விடலாம், தள்ளுவண்டியில் மடியில் போடலாம். பெரிய பெரிய ஓட்டை வைத்த லேஸ் டிசைன் வேண்டாம், பிஞ்சு விரல் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். கழுத்தில் ரிப்பன், குஞ்சம் எதுவும் வேண்டாம். பொத்தானை மூன்று தடவை தைத்து இழுத்துப் பார்.

நூல் விஷயத்தில்தான் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். கடையில் போய் 'உல்லன்' என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக்தான் எடுத்துப் போடுவார்கள். தப்பில்லை, லூதியானாவிலிருந்து வருகிற வர்த்மான், ஓஸ்வால் நூலில்தான் நம் தலைமுறையே பின்னியது. ஆனால் எது எது என்று தெரிந்து வாங்கவேண்டும். சந்தேகம் என்றால் ஒரு விரல்கடை நூலை நறுக்கி, இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டு. கம்பளி என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், தொட்டால் பொடியாக உதிரும். அக்ரிலிக் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். இதைப் பார்த்தபிறகுதான் எங்கள் வீட்டில் கரித்துணி வைக்கிற இடத்துக்கு அக்ரிலிக் வரக்கூடாது என்று சட்டம் போட்டேன். சூடான பாத்திரத்தைப் பிடிக்கிற எதுவும் பருத்தி நூலில்தான் இருக்கவேண்டும். அதிலும் குரோஷாவில், அதாவது கொக்கி ஊசிப் பின்னலில், நெருக்கமாக, இரண்டு அடுக்காக.

உன் மகளுக்கு அங்கே துணி எல்லாம் மெஷினில்தான். சாதாரணக் கம்பளியை மெஷினில் போட்டால் சுருங்கி, தடித்து, பொம்மைக்குத்தான் ஆகும். 'சூப்பர்வாஷ்' என்று லேபிளில் போட்டிருக்கிற மெரினோ கம்பளி வாங்கு. விலை கூடத்தான், ஆனால் குழந்தை ஸ்வெட்டருக்கு எவ்வளவு நூல் ஆகிவிடப்போகிறது? அந்த லேபிளிலேயே சாயத் தொட்டியின் லாட் நம்பரும் இருக்கும். எல்லா உருண்டையும் ஒரே நம்பரா என்று பார்த்து மொத்தமாக வாங்கிவிடு. பாதியில் போய் இன்னொன்று வாங்கினால் அதே ரோஸ் நிறம் வேறு ரோஸாக இருக்கும், முதுகில் கோடு போட்டது போலத் தெரியும்.

அப்புறம், அளவு பார்க்க முதலில் பின்னுகிற மாதிரித் துண்டு. சிஸ்டர் பின்னச் சொல்வார், நாம் பின்னாமல் ஏமாற்றுவோமே, அது. பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் போடும்போது அதை விட்டால் நடக்கிற கூத்தைப் பார். பேட்டர்னில், அதாவது பின்னல் குறிப்பில், 4 அங்குலத்துக்கு 22 கண்ணி (ஊசியில் ஏறும் வளையம்) என்று இருக்கிறது. 36 அங்குல மார்புக்கு 198 கண்ணி ஏற்றுகிறாய். உன் கை கொஞ்சம் தளர்வாகப் பின்னுகிற கை, 4 அங்குலத்துக்கு 20தான் வருகிறது என்று வை. அதே 198 கண்ணி 39½ அங்குலத்துக்கு மேல் போய் நிற்கும். இரண்டு கண்ணி வித்தியாசத்துக்கு மூன்றரை அங்குலம்! துண்டைப் பின்னி, துவைத்து, காயவைத்து, பிறகு எண்ணு. அளவு வராவிட்டால் ஊசியை மாற்று. நம் பழைய பிரிட்டிஷ் கணக்கு ஊசிகளில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும்: 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25. அமெரிக்கக்காரர்களுக்கு இது தலைகீழ், அவர்களுடைய 8 என்பது 5 மி.மீ. உன் மகள் இன்டர்நெட்டில் பேட்டர்ன் எடுத்து அனுப்பினால் நம்பரை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் பார்.

இப்போது அத்தையின் முழங்காலுக்கு நான் பின்னிய முட்டி உறை. வெறும் குழாய்தான், நாலு ஊசியில் சுற்றிச் சுற்றி இரண்டு நிட் (நேர்க் கண்ணி), இரண்டு பர்ல் (புரட்டுக் கண்ணி), வேறு வித்தையே இல்லை. ரிப் பின்னல் என்பதால் முழங்காலை இதமாகப் பிடித்துக்கொள்கிறது, மடக்கி நீட்டத் தடை இல்லை. நல்ல கம்பளியில் போட்டேன். போன வருஷம் என் நாத்தனார் வாங்கித் தந்த சால்வை இன்னும் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது, இந்த முட்டி உறை மட்டும் ராத்திரி பகல் கழல்வதில்லை. துவைக்கக் கேட்டால்கூடத் தரமாட்டார். இன்னொரு ஜோடி பின்னித்தான் முதல் ஜோடியைத் துவைத்தேன். ஈரத்தோடு கொடியில் தொங்கப் போடாதே, நீண்டுவிடும். துண்டில் சுருட்டிப் பிழிந்து, நிழலில் படுக்கப் போடு.

மலையிலிருந்து இறங்கினால் கதையே வேறு. இருபது கொண்டை ஊசி வளைவு, முப்பது கிலோமீட்டர், அவ்வளவுதான் தூரம். அடிவாரத்தில் பஸ் நிற்கும்போதே போர்த்தியிருக்கிற எல்லாவற்றையும் கழற்றத் தோன்றும். ஏப்ரல், மே மாதம் சேலத்தில் 40 டிகிரி தாண்டுகிறது, அங்கே இருக்கிற பேத்திக்கு யார் ஸ்வெட்டர் போடுவார்கள்? ஆங்கர் பருத்தி நூலில் குரோஷா போட்டுத் தண்ணீர் பாட்டிலுக்குத் தோள் பை ஒன்று செய்து கொடுத்தேன். பள்ளிக்கூடம் போகும்போது அது இல்லாமல் கிளம்ப மாட்டேன் என்கிறாளாம். சின்னவளுக்குக் காய்கறி வாங்க வலைப்பை. சுருட்டினால் கைக்குள் அடங்கும், நாலு கிலோ தக்காளி போட்டால் முழங்கால் வரை இறங்கும்! அடிப்பாகத்தை மட்டும் நெருக்கமாகப் போட்டால் பச்சை மிளகாய் ஒழுகாது. நம் அம்மாக்கள் சிவன் கண், நெல்லிக்காய் என்று ஒயர் கூடை போட்டார்களே, அது பீரோவுக்குள் போனதே இல்லை, கவனித்தாயா?

உன் வீட்டுக்காரர் கேலி செய்வதாக எழுதியிருந்தாய். திருப்பூரில் இருந்துகொண்டு கையால் பின்னுகிறேன் என்றால், பனியன் கம்பெனிக்காரர் சிரிக்கத்தான் செய்வார். அவர் போட்டிருக்கிற பனியனும் நிட் பின்னல்தான் என்று சொல். வில்லியம் லீ என்கிற இங்கிலீஷ்காரர் 1589-லேயே காலுறை பின்னும் மெஷின் கண்டுபிடித்துவிட்டார், அந்த வழியில் வந்ததுதான் இவர்கள் மெஷின் எல்லாம். ஆனால் குரோஷா? அதைப்போலத் தோற்றம் தருகிற துணியை மெஷின் நெய்யும், நாம் கொக்கி ஊசியால் போடுகிற அதே பின்னலைப் போடாது. கடையில் நிஜமான குரோஷா சட்டை தொங்கினால் அது யாரோ ஒருத்தி உட்கார்ந்து கையால் போட்டது. விலையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு என்ன கூலி கிடைத்திருக்கும் என்றுதான் எனக்கு ஓடும். இதற்கும் சிரித்தால், 2016 ஜனவரியில் சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் என்ற பெண்கள் குழு 11,148.5 சதுர மீட்டர் போர்வையைப் போட்டு கின்னஸில் ஏறியதைச் சொல். எல்லாம் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து துண்டு துண்டாகப் போட்டு இணைத்ததுதான்.

கட்டைவிரல் வலிக்கிறது என்றாயே, எனக்கும் உண்டு. அலுமினிய ஊசியை விட்டு மூங்கில் ஊசிக்கு மாறினேன். வழுக்கலும் குறைவு, கைக்குக் குளிர்ச்சியாகவும் இல்லை. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து அடுப்பைப் பார்த்துவிட்டு வா. சீரியல் முடியும்வரை ஒரே மூச்சாகப் பின்னாதே.

கடைசியாக என் சேதி. இத்தனை பேருக்கும் பின்னிய நான் குளிருக்கு இவருடைய பழைய ஸ்வெட்டரைத்தான் மாட்டிக்கொண்டு திரிந்தேன். இந்த வருஷம் எனக்கென்று ஒரு கார்டிகன் ஆரம்பித்திருக்கிறேன். வட்ட ஊசியில் கழுத்திலிருந்து கீழே இறங்குகிற முறை. தனித்தனித் துண்டாகப் போட்டுத் தைக்கிற வேலை இல்லை, நடுவில் நிறுத்திப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இடுப்பு இங்கே பருத்திருக்கிறது, கை இங்கே குட்டை என்று நம் உடம்பைப் பார்த்தபடியே கூட்டிக் குறைக்கலாம். நம் வயதுக்கு இதைவிடத் தோதான முறை கிடையாது. காப்பிப் பழ நிறம், இரண்டு பக்கமும் ஆழமான பாக்கெட்: ஒன்றில் கண்ணாடி, ஒன்றில் சாவிக்கொத்து. "யாருக்கு?" என்று ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். எனக்கு என்றதும் இவர் மட்டும், "அப்போ என் ஸ்வெட்டர் திரும்பக் கிடைக்குமா?" என்றார். நீயும் குழந்தைக்கு முடித்த கையோடு உனக்கு ஒன்று போடு. திருப்பூருக்குக் கம்பளி ஆகாது, பருத்தியில் கையில்லாத மேல்சட்டை போட்டால் ஏசி பஸ்ஸுக்காவது ஆகும்.

ஒரு உதவி வேண்டும். உங்கள் ஊரில் பனியன் கட்டிங் வேஸ்ட் மலிவாகக் கிடைக்குமே, அதில் கொஞ்சம் நீளமான துண்டுகளாகப் பார்த்து ஒரு மூட்டை அனுப்பு. குறுக்குவாக்கில் ஒரு அங்குல அகலத்துக்கு நறுக்கி இழுத்தால் ஓரம் தானாக உள்ளே சுருண்டு பருமனான கயிறு மாதிரி ஆகிவிடும். 10 மி.மீ. குரோஷா ஊசியில் கால்மிதி போட அதைவிட நல்ல சரக்கு இல்லை. ஈர மண் அப்பிய செருப்போடு வருகிறவர்களுக்கு வாசலில் போட எனக்கு நாலைந்து வேண்டும். பதிலுக்கு இந்த வருஷத்துக் காப்பிக் கொட்டையை வறுத்து அரைத்து அனுப்புகிறேன். சிக்கரி கலக்கட்டுமா வேண்டாமா என்று எழுது, உன் வீட்டுக்காரருக்குக் கலந்தால்தான் பிடிக்கும் என்று ஞாபகம். மிளகு இன்னும் காயவில்லை, பங்குனியில் தனியாக அனுப்புகிறேன்.

மகளிடம் வாஷிங் மெஷினில் கம்பளிக்கென்று தனி செட்டிங் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு நூல் வாங்கு.

அன்புடன்,
விஜி