கண்ணனுக்கு, இன்னிஸ்ட்ராட் ரீமாஸ்டர்டு பத்தி

டேய் கண்ணா,

உன் லெட்டர் கெடச்சுது. புது வேலைல நைட் ஷிஃப்ட் இல்லன்னு படிச்சதும் அப்பாடான்னு இருந்துச்சு, இனிமேலாவது ஒழுங்கா தூங்கு. இங்க எல்லாரும் சௌக்கியம், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு இப்ப கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கறார்.

சரி, நீ கேட்டதுக்கு வர்றேன். "பழைய கார்டையே மறுபடி அச்சடிச்சு விக்கறாங்க, அதுவும் பேய்க்கத செட்டு, ஒரு பேய்க்கதைய ரெண்டாவது தடவ கேட்டா எவனுக்குடா பயம் வரும்"னு எழுதியிருந்த. நல்ல கேள்விடா, சும்மா ஒரு வரில பதில் சொல்லிட்டுப் போக மனசு வரல, அதான் இவ்ளோ நீளமா எழுதறேன், டீ குடிச்சுக்கிட்டே படி.

நீ மேஜிக் கார்டு கேம் ஆடறத விட்டதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு மொதல்ல சொல்லிடறேன். நாம 2011-ல விழுந்து கெடந்தோமே அந்த இன்னிஸ்ட்ராட், பேய்க்கதைய வச்சு ஒண்ணா விட்ட கார்டுத் தொகுப்பு (செட்டு), அதுக்குப் பின்னாடியே 2012-ல டார்க் அசென்ஷன், அவாசின் ரெஸ்டோர்டு வந்துச்சுல்ல, அது வரைக்கும் உனக்குத் தெரியும். அப்புறம் 2016-ல ஷேடோஸ் ஓவர் இன்னிஸ்ட்ராட், எல்ட்ரிட்ச் மூன்னு ரெண்டு செட்டு, 2021-ல மிட்நைட் ஹன்ட், கிரிம்சன் வாவ்னு இன்னும் ரெண்டு. இந்த மூணு ரவுண்டுலேர்ந்தும் பொறுக்கி எடுத்து ஒரே பூஸ்டர்ல (உள்ள எந்தக் கார்டுன்னு தெரியாத பாக்கெட்) போட்டு 2025 ஜனவரி 24 அன்னிக்கு விட்டாங்க, அதான் இன்னிஸ்ட்ராட் ரீமாஸ்டர்டு. ஸ்நாப்காஸ்டர் மேஜ் இருக்கு, கேவர்ன் ஆஃப் சோல்ஸ் இருக்கு, கிரேட்டர்ஹூஃப் இருக்கு, உன் ஃபேவரிட் டெல்வரும் இருக்கு. இதோட எட்கர் மார்கோவும் உள்ள வந்திருக்கார், அந்தக் கார்டு இந்த செட்டுகள்ல எதுலயும் இல்லாம 2017-ல ஒரு கமாண்டர் டெக்ல (ஒரு தலைவன் கார்ட வச்சு ஆடற டெக்) வந்தது, ஆளு ஒரு ரத்தக்காட்டேரித் தாத்தா. நீ ஒவ்வொரு தடவ வேற வேம்பயர் ஸ்பெல் போடும்போதும் அவர் கமாண்ட் ஸோன்ல, அதாவது தலைவன் கார்டுக்குன்னு ஒதுக்குன இடத்துல, உக்காந்துக்கிட்டே உனக்கு இன்னொரு குட்டி வேம்பயர் டோக்கன் குடுப்பார். அவர டேபிளுக்குக் கொண்டு வராமலே வேலை நடந்துடும், அதனால வேம்பயர் டெக் ஆடறவன் எல்லாம் அவருக்காக அலையறான்.

இப்ப உன் கேள்வி. என் பதில் இதான்டா, இன்னிஸ்ட்ராட்ல பயம் படத்துல இல்ல, ரூல்ல இருக்கு. அதனாலதான் ரெண்டாவது தடவ, பத்தாவது தடவ அச்சடிச்சாலும் அது செத்துப் போகல.

டெல்வர் ஆஃப் சீக்ரெட்ஸையே எடுத்துக்கோ. ஒரே ஒரு நீல மானா (கார்டு போடக் குடுக்கற சக்தி), ஒண்ணுக்கு ஒண்ணு சைஸ்ல (அடிக்கற பலம் ஒண்ணு, தாங்கற பலம் ஒண்ணு) ஒரு சயின்டிஸ்ட், ஆய்வுக்கூடத்துல நிக்கறான், பாத்தா பாவமா இருக்கும். உன் டர்ன் ஆரம்பிக்கும்போது டெக்கோட மேல் கார்ட மட்டும் பாக்கற, அது இன்ஸ்டன்ட்டோ ஸார்ஸரியோவா, அதாவது ஒரு தடவ போட்டா முடிஞ்சுபோற மந்திரக் கார்டா, இருந்தா காட்டிட்டு டெல்வரத் திருப்பற, திருப்பினா அந்த ஆளு மூணுக்கு ரெண்டு சைஸ்ல பறக்கற பூச்சியா ஆயிடறான். எதிர்ல இருக்கறவனுக்கு அந்த ஒரு கார்டோட மூலையத் தூக்கற கைய பாத்துக்கிட்டே இருக்கறதத் தவிர செய்யறதுக்கு ஒண்ணுமே இல்ல. திரும்பலன்னா ஒரு டர்ன் மூச்சு விடலாம், அடுத்த டர்ன் மறுபடி அதே கை, அதே மூலை. உனக்கு இந்தக் கார்டு தலைகீழாத் தெரியும், எனக்கும் தெரியும், ஆனா அடுத்த கார்டு என்னன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. கத தெரிஞ்சிருந்தும் பயம் வர்றது அதனாலதான்.

ஓநாய் மனுஷங்க ரூலும் அப்படித்தான், 2011-ல எழுதுனாங்களே அந்த ஒரிஜினல் ரூல். ஒரு டர்ன்ல யாருமே ஒரு ஸ்பெல்லும் போடலன்னா அடுத்த டர்னோட ஆரம்பத்துல ஊர்க்காரன் எல்லாம் ஓநாயா மாறிடுவான், திரும்ப மனுஷனா ஆகணும்னா ஒரே ஆளு ஒரே டர்ன்ல ரெண்டு ஸ்பெல் போடணும். யோசிச்சுப் பாரு, அமைதியா இருக்கறதே ஆபத்துன்னு ஒரு ரூல்! கையில உருப்படியா ஒண்ணும் இல்லன்னாலும், வீணாப் போனாலும் பரவால்லன்னு எதையாவது போட்டே ஆகணும், இல்லன்னா ராத்திரி வந்துடும். ஓநாய் வச்சிருக்கறவனோ வேணும்னே கைய மடிச்சு வச்சுக்கிட்டு ஒண்ணும் போடாம டர்ன உன் பக்கம் தள்ளி விடுவான். 2021-ல இதையே டேபிள் முழுக்கப் பகல், ராத்திரின்னு ஒரே கணக்கா மாத்துனாங்க, எனக்கு அது புடிக்கவே இல்ல. ஓநாய் எல்லாம் செத்துப் போனதுக்கப்புறமும் பகலா ராத்திரியான்னு ஆட்டம் முடியற வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கணும், பயம் போய் கணக்குப்புள்ள வேலையா ஆயிடுச்சு. பழசுதான் என்னிக்கும் ஒசத்தி.

அப்புறம் எம்ரகுல், த பிராமிஸ்ட் எண்ட். இந்த ராட்சஸக் கார்டு நீ விட்டதுக்கப்புறம் வந்தது, அதனால கொஞ்சம் நிறுத்தி சொல்றேன். பதிமூணு மானா, பதிமூணுக்குப் பதிமூணு சைஸ், உன் கிரேவ்யார்டுல (ஆடி முடிச்ச, செத்த கார்டெல்லாம் போற குவியல்) எத்தன வகைக் கார்டு கெடக்குதோ அத்தன மானா குறையும். ஆனா விஷயம் அது இல்ல. இத போட்டவுடனே எதிராளியோட அடுத்த டர்ன முழுக்க நீ ஆடலாம். அவன் கையில என்ன இருக்குன்னு நீ பாப்ப, அவனோட மானாவ நீ செலவழிப்ப, அவன் உன்னக் கொல்ல வச்சிருந்த ஸ்பெல்ல எடுத்து அவனோட க்ரியேச்சர் மேலயே போடுவ, மிச்சம் இருக்கற க்ரியேச்சர தேவையே இல்லாம அட்டாக்குக்கு அனுப்பி சாகடிப்ப. அவன் எதிர்ல உக்காந்து வேடிக்க பாக்கணும். பேய் புடிக்கறதுன்னா என்னன்னு அட்டைல ரூலா எழுதணும்னா இத விட எப்படி எழுத முடியும் சொல்லு? அப்புறம் அவனுக்கு ஒரு எக்ஸ்ட்ரா டர்ன் கெடைக்கும், ஆனா அதுக்குள்ள அவன் வீடே காலியா கெடக்கும். இத மொத தடவ என் மேல ஒருத்தன் போட்டப்ப எனக்கு நெஜமாவே வயித்தப் பெரட்டுச்சு, இன்னிக்கும் யாராவது பதிமூணு மானாவ எண்ண ஆரம்பிச்சா எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

இதெல்லாம் தானா வந்துடல. மார்க் ரோஸ்வாட்டர் தலைமைல மொத இன்னிஸ்ட்ராட்ட டிசைன் பண்ணப்ப டீம்ல ரிச்சர்ட் கார்ஃபீல்டும் இருந்தார், 1993-ல இந்த கேமையே உருவாக்குன ஆளு. பயப்படற விஷயத்த மொதல்ல எடுத்து வச்சுக்கிட்டு அதுக்கு ஏத்த மாதிரி ரூல் எழுதிருக்காங்க. மனுஷன் ஓநாயா மாறணும்னா கார்டும் மாறணும், அதுக்குப் பின்பக்கமும் அச்சடிக்கணும். மேஜிக்க அச்சடிக்கற விஸார்ட்ஸ் கம்பெனியோட இன்னொரு கேம் டூயல் மாஸ்டர்ஸ்ல ஏற்கனவே அப்படிப் பண்ணிருந்தாங்க, அங்கேர்ந்துதான் ஐடியா. ஆனா மேஜிக்ல எல்லாக் கார்டுக்கும் ஒரே பின்பக்கம்ங்கறது ஆரம்பத்துலேர்ந்தே இருக்கற ஒழுக்கம், அதனால எவ்ளோ பேர் சண்ட போட்டாங்கன்னு ஞாபகம் இருக்கா? நீயே எதிர்த்த. இப்ப பாரு, ரெண்டு பக்கக் கார்டு வர்றது சாதாரணமாயிடுச்சு. 2016-ல இன்னும் ஒரு படி மேல போய், புரூனா, கிசேலான்னு ரெண்டு தேவதைங்க, ரெண்டு கார்டையும் திருப்பிப் பக்கத்துல வச்சா ஒரே பெரிய உருவமா ஒட்டிக்கும், பேரு பிரிசேலா. ரெண்டு அட்டையோட சேந்த அளவு ஒரே படம். அவ இருக்கற வரைக்கும் எதிராளி மூணு மானாவோ அதுக்குக் கீழயோ இருக்கற ஸ்பெல் எதையுமே போட முடியாது. அந்தப் படத்த பக்கத்துல வச்சுப் பாக்கணும்டா, ரெண்டு முகமும் உருகி ஒண்ணா இழைஞ்சு, எது யாரோட கைன்னே தெரியாது.

ரீபிரிண்ட்னாலே எரிச்சல்னு நீ சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு, மறுக்கல. 2022 ஜனவரில இன்னிஸ்ட்ராட் டபுள் ஃபீச்சர்னு ஒண்ணு விட்டாங்க. மிட்நைட் ஹன்ட்டையும் கிரிம்சன் வாவையும் ஒண்ணாச் சேத்து, பழைய பேய்ப்பட ஸ்டைல்னு படத்த எல்லாம் கறுப்பு வெள்ளையா மாத்தி விட்டாங்க. பொறுக்கல, சலிக்கல, எது எதோட சேரும்னு பாக்கல, கலர மட்டும் உருவிட்டாங்க. டிராஃப்ட் பண்ணா (பேக்கப் பிரிச்சு ஆளாளுக்கு ஒவ்வொரு கார்டா எடுத்து டெக் கட்டி ஆடறது) ரெண்டு செட்டும் ஒண்ணோட ஒண்ணு பேசவே பேசாது. எனக்குக் கோவம்தான் வந்துச்சு, பயத்த வெறும் பெயின்ட்டுன்னு நெனச்சவன் பண்ண வேல அது. ரீமாஸ்டர்டுல அந்தத் தப்பு இல்ல. கிரேவ்யார்டு நிரம்ப நிரம்ப பலன் தர்ற கார்டு, கிரேவ்யார்டுலேர்ந்தே திரும்ப ஆடற கார்டு, ஒருத்தன் செத்தா இன்னொருத்தன் வளர்ற கார்டுன்னு வேற வேற வருஷத்துல வந்ததெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கைகோத்துக்குது. 2011-ல வந்த கார்டு 2021 கார்டுக்காகவே எழுதுன மாதிரி பொருந்துறப்ப ஒரு சந்தோஷம் வருது பாரு, அதுக்காகவே டிராஃப்ட் பண்ணலாம்.

ஆனா ஒண்ணு போயிடுச்சு, அத மறைக்க விரும்பல. கத போயிடுச்சு. அவாசின்னு ஒரு தேவதை, சோரின் மார்கோவ்ங்கற வேம்பயர் அவளப் படைச்சதே மனுஷங்களக் காப்பாத்தத்தான், ஏன்னா மனுஷன் மொத்தமா அழிஞ்சா வேம்பயரும் பட்டினி கெடந்து சாகணும். மொத செட்டுல அவ காணாமப் போயிருப்பா, ஊரே இருட்டா கெடக்கும், அவாசின் ரெஸ்டோர்டுல வெள்ளி ஜெயில் ஒடஞ்சு வெளிய வருவா. மாசக்கணக்குல காத்திருந்துதானே நாம அந்தக் கார்டப் பாத்தோம்? 2016-ல அவளுக்கே பைத்தியம் புடிச்சு மனுஷங்களையே கொல்ல ஆரம்பிச்சு, கடைசில படைச்சவனே அவள அழிப்பான், அதுக்கெல்லாம் பின்னாடி இருந்தது எம்ரகுல்னு அடுத்த செட்டுலதான் தெரியும், அத நிலாவுக்குள்ள பூட்டிதான் கதய முடிப்பாங்க. இப்ப புதுசா பேக் பிரிக்கறவனுக்கு அவாசினும் எம்ரகுலும் முன்ன பின்ன இல்லாம ஒரே டப்பாவுல கெடைக்கறாங்க. காத்திருந்ததோட கனம் அவனுக்குக் கெடைக்காது. ரூல்ல இருக்கற பயம் தப்பிச்சுருச்சு, கதைல இருந்த பயம் தப்பிக்கல, எனக்கு அதுல வருத்தம்தான்.

கலெக்டருங்க விஷயம் வேகமா சொல்லிடறேன். பழைய பேய்ப்பட போஸ்டர் மாதிரி வரைஞ்ச வெர்ஷன் கொஞ்சம் இருக்கு, அதுல எட்கர் போஸ்டர் நெஜமாவே அழகு. 2003-க்கு முன்னாடி இருந்த பழைய ஃபிரேம்லயும் நெறைய கார்டு வருது, ஸ்நாப்காஸ்டர அந்த ஃபிரேம்ல பாக்கறப்ப ஏதோ நம்ம காலத்துக்கு முன்னாடியே இருந்த கார்டு மாதிரி ஒரு பிரமை. 1995-ல குரோனிக்கிள்ஸ்னு ரீபிரிண்ட் செட் போட்டப்ப பழைய கார்டு வச்சிருந்தவங்க கொதிச்சுப் போயி, அடுத்த வருஷமே சில கார்ட எல்லாம் இனிமே அச்சடிக்க மாட்டோம்னு கம்பெனி எழுதிக் குடுத்துச்சே, அந்த லிஸ்ட்ல இன்னிஸ்ட்ராட் கார்டு எதுவும் வராது, எல்லாமே பிற்பாடு வந்தது. எனக்கு அது சந்தோஷம். அலமாரில பூட்டி வச்ச அட்டைக்கு வெல ஏறணும்ங்கறத விட, புதுசா வர்ற ஒருத்தன் கையில டெல்வர் இருக்கணும்ங்கறது முக்கியம். இதுல நீயும் நானும் ஒத்துப்போக மாட்டோம், தெரியும்.

உன் பொண்ணு பழைய டப்பாவத் தொறந்து பாத்துட்டு ஆடக் கேக்கறான்னு எழுதியிருந்தியே, டப்பால பதிமூணு வயசுக்கு மேலன்னு போட்டிருப்பாங்க. ரூல் அவளுக்குப் புரியும், அதுல சந்தேகமே இல்ல, ஆனா மிட்டாய் மாதிரி பிரிச்சுக் குடுத்துடாத, சில படம் ரொம்பக் கோரம். நீ மொதல்ல ஒரு தடவ எல்லாத்தையும் பாரு. டெல்வர், ஓநாய் மாதிரி ஆளு மாறற கார்ட முன்னாடி காட்டு, திருப்பறது பசங்களுக்கு ரொம்பப் புடிக்கும். எம்ரகுல கொஞ்ச வருஷம் கழிச்சு வச்சுக்கலாம்.

நீ வாங்கறதா இருந்தா, டெக்குக்கு ஏதோ ஒரு கார்டுதான் வேணும்னா பேக் பிரிக்காத, அந்தக் கார்ட மட்டும் தனியா வாங்கிடு. நாலஞ்சு பேரு சேந்து டிராஃப்ட் பண்றதா இருந்தா மட்டும் டப்பாவா வாங்கு, இந்த செட்டோட அருமை அங்கதான் தெரியும். புது செட்ட மட்டும் வச்சு ஆடற ஸ்டாண்டர்ட் ஃபார்மாட்டுக்கு இது செல்லாது, அத நெனச்சு வாங்கிடாத, மாடர்ன், கமாண்டர்னா ஓகே, எட்கர் மட்டும் மாடர்ன்ல செல்லாது. கார்டுக்கு ஸ்லீவ் (உறை) வாங்கும்போது பின்பக்கம் கொஞ்சம் கூடத் தெரியாத கெட்டி ஸ்லீவா பாத்து வாங்கு, இல்லன்னா ரெண்டு பக்கக் கார்டு டெக்ல எங்க இருக்குன்னு எதிராளிக்குத் தெரிஞ்சுடும். உன் பழைய நீல டெக் என்னென்ன கார்டோட இருக்குன்னு அடுத்த லெட்டர்ல எழுது, எது குறையுதுன்னு பாத்து நான் இங்கேர்ந்து அனுப்பறேன்.

வீட்ல எல்லாரையும் கேட்டதா சொல்லு.

அன்புடன்,
பிரபு